முதலில் நட்

தடைக்காலம் முடிய இரண்டு நாள்.
காசிமேட்டில் மற்ற படகெல்லாம் பெயிண்ட் வாசத்தோடு நிற்க
எத்திராஜுலுவின் படகு மட்டும்
பிடித்து, இருமி, நின்றுபோனது.

"டேங்க் நெறைய டீசல் கீது மணவாளா,
ஒரு சொட்டுகூட ஒழுவல. அப்புறம் இன்னா அதுக்கு?"

ஒழுகாததுதான் அதற்கு.
இஞ்சின் உறிஞ்சுகிற பக்கம் இணைப்பு தளர்ந்தால்
எண்ணெய் வெளியே வராது,
காற்று உள்ளே போகும்.
துடைத்த துணியில் கறை இருக்காது.
படகுக்கு நடுக்கடலில் மூச்சு முட்டும்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
குப்புறப் படுத்துத் தேடினேன்.
பில்டருக்குக் கீழே, விரல் மட்டுமே எட்டுகிற மூலையில்
யாரோ ஈயம் வைத்து ஒட்டியிருந்தார்கள்.
ரேடியோவுக்கு ஈயம் சரி.
ராவும் பகலும் அதிர்கிற குழாய்க்கு
சூட்டில் இளகுவதையா வைப்பார்கள்?

மண்ணடியில் புதுச் செம்புக்குழாய், எட்டடி.
வெட்டினேன்.
வாயைக் கீழே பார்க்கப் பிடித்துப் பிசிறு சுரண்டினேன்;
தூள் உள்ளே விழுந்தால் நேராக நாசிலில் போய் உட்காரும்.
முனையைச் சுட்டுத் தண்ணீரில் தோய்த்தேன்.
இரும்பென்றால் விறைத்துக்கொள்ளும்.
செம்பு இளகிக் கொடுக்கும்.

அச்சில் இறுக்கித் திருகத் திருக
வாய் விரிந்தது ஊமத்தம்பூவாக,
ஓரத்தில் ஒரு கீறல் இல்லை.
இருபது வருஷத்தில் இப்படி வந்ததில்லை.
எத்திராஜுலுவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
காட்டும்போதுதான் பார்த்தேன்:
நட் பலகைமேல் கிடந்தது.

விரித்த வாய்மேல் நட் ஏறாது.
மறுமுனையை முன்பே முடித்தாயிற்று.
வெட்டிவிட்டு மறுபடி விரித்தால்
முக்கால் அங்குலம் குறையும்.
"இஸ்துப் புட்சா எட்டும், வுடு நைனா."

எட்டும்தான்.
அதிர்வைத் தின்னட்டும் என்று நான் விட்டிருந்த வளைவு
நிமிர்ந்துபோகும்.
விறைத்த குழாய் அலைகளை எண்ணிக்கொண்டே இருக்கும்.
எண்ணி முடிக்கிற அன்று
கரை எங்கே இருக்குமோ.

பூவை மட்டும் வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு
மறுபடி மண்ணடி. என் காசு.
கல்மண்டபத்தில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே
ஹெல்மெட்டுக்குள் என்னையே திட்டிக்கொண்டு போனேன்.
கடைக்காரர், "காலையில்தானே வாங்கினீங்க?" என்றார்.
இன்னொரு படகு என்று சொன்னேன்.

இந்தமுறை வாய்விட்டே: நட், நட், நட்.
பக்கத்துப் படகில் வலை பார்த்துக்கொண்டிருந்தவன்
ஊசியை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

கைபம்பை அழுத்தினேன்.
முதலில் நுரை.
அப்புறம் குமிழ், ஒன்றிரண்டாய், கோபமாய்.
அப்புறம்
கண்ணாடிக் கம்பிபோல் டீசல்.
திருகை மூடினேன். இஞ்சின் ஒரே மூச்சில் பிடித்தது.

பதினாலாம் தேதி ராத்திரி படகு போய்விட்டது.
மறுநாள் சட்டை ஊறிய வாளியில் ஏதோ கிணுங்க,
கனகவல்லி எடுத்தாள்.
"இன்னாது இது, கம்மலா?"

"ஆயிரத்தி இருநூறு ரூபா."

ஒற்றைதானா என்று கேட்டுவிட்டு
காதோரம் வைத்துப் பார்த்தாள்.