மூன்றேகால் மணி எண்ணிக்கை

நொடிக்கு நூறு கோடி தடவை
திறந்து மூடும் ஒரு வாசல்.
எப்போதாவது அதில் ஓர் ஒளித்துகள் நுழையும்.
நுழைந்ததும் உள்ளே சின்னதாய் ஒரு பனிச்சரிவு.
அதைக் கேட்பதற்குத்தான்
மிலானில் எங்கள் மூவருக்கும் சம்பளம்.

கேட்க முடிந்தால்தானே.
வாசல் போடும் சத்தம் அப்படி.
கதவுகள் ஓயாமல் அறைந்துகொள்ளும் வீட்டில்
யாரோ ஒருவர் செருப்பைக் கழற்றிவிடுகிற ஓசை,
அவ்வளவுதான் துகளின் வருகை.

எர்சிலியா அந்தச் சத்தத்தை இரண்டாகப் பிரித்தாள்.
ஒன்றை நேராக அனுப்பினாள்.
இன்னொன்றை இருபது சென்டிமீட்டர் கம்பி வழியே,
சரியாக ஒரு திறப்பு தாமதமாக.
பிறகு அதிலிருந்து இதைக் கழித்தாள்.
முந்தையதைப் போலவே இருப்பதெல்லாம் அழிந்துபோகும்,
மாறியது மட்டும் தலை தூக்கும்.

காகிதத்தில் அப்படித்தான்.
மேசையில் கம்பி கால் மில்லிமீட்டர் நீளம்.
சவரத் தகட்டால் சீவினாள், குட்டையாகிவிட்டது.
இன்னொரு கம்பி.
லாம்பிராத்தேயில் கடைசி ரயில் போய்
முதல் டிராம் வருவதற்குள் ஏழு கம்பிகள்.
எட்டாவதில் திரை படுத்துக்கொண்டது,
நவம்பர் மூடுபனி மாதிரி தட்டையாக.
நடுவில் ஒரே ஒரு முள்.

தல்மாஸோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
அவன் இருட்டை எண்ணிக்கொண்டிருந்தான்.

மூடி போட்டாலும், விளக்கணைத்தாலும்
யாரும் வராத வாசலில் நின்று
"வந்தாச்சு, வந்தாச்சு" என்கிறது உணரி.
எல்லாம் சூடு செய்கிற வேலை.
"குளிரவை" என்றான். மைனஸ் ஐம்பது.
பொய் குறைந்தது.
ஆனால் படிகத்தின் பள்ளங்களில் சிக்கிய மின்னணுக்கள்
அந்தக் குளிரில் எழுந்துவரச் சோம்பின.
ஒரு தடவை வந்த துகளுக்காக
அடுத்த திறப்பிலும் துடிப்பு, அதற்கடுத்ததிலும்.
பாக்கி தீர்ந்த பிறகும் கதவைத் தட்டுகிற
கடன்காரனைப் போல.

"சூடாக்கு" என்றாள் எர்சிலியா.
"குளிரவை."
"சூடாக்கு."
மூன்று வாரம் இருவரும் பேசிக்கொண்டது இதுதான்.
பதிவேட்டில் நான் பாகைகளை மட்டும் எழுதினேன்.

பிறகு அவளே சொன்னாள், ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டே:
"இப்போதுதான் நமக்கு முணுமுணுப்பும் கேட்கிறதே,
எதற்கு இவ்வளவு பெரிய சரிவு?"
சரிவைச் சிறிதாக்கினோம்.
சிறிய சரிவு கொஞ்சமாகத்தான் விட்டுச்செல்கிறது.
மைனஸ் முப்பதில் நின்றார்கள்.
அதைச் சமாதானம் என்று சொல்ல மாட்டேன்,
இருவருக்கும் பசி.

அப்புறமும் ஒன்று மிச்சமிருந்தது.
தினமும் அதிகாலை மூன்றேகாலுக்கு
எண்ணிக்கை நாற்பது ஏறும்,
ஆறு நிமிடம் நிற்கும், இறங்கிவிடும்.
மின்சாரத்தைச் சந்தேகித்தோம். டிராம் கம்பியை.
தல்மாஸோ என்னைச் சந்தேகித்தான்.

நான்காம் இரவு விளக்கில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தேன்.
கதவின் அடியில் மெல்லிய சிவப்புக் கோடு.
நடைக்கூடத்தில் காவலர் எவாரிஸ்தோ
மின்சார அடுப்பில் காபி வைத்திருந்தார்.
கனலும் அந்தச் சுருளின் ஒளி,
அதிலும் கண்ணுக்குத் தெரியாத பங்கு,
இடுக்கில் ஊர்ந்து
ஒளியிழையின் மஞ்சள் உறைக்குள் புகுந்து
எங்கள் வாசலை எட்டிப் பார்த்திருக்கிறது.

அவரிடம் யாரும் சொல்லவில்லை.
சமையலறை அலுமினியத் தாளை இழையில் சுற்றினோம்.
காரணம் என்ற கட்டத்தில் "காபி" என்று எழுதினேன்.
பேராசிரியர் அதை அடித்து
"புறவொளி" என்று திருத்தினார்.

அடுத்த இரவு மூன்றேகால்.
கோடு அசையவில்லை.
மூன்று இருபது. தட்டை.
எர்சிலியா கடிகாரத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்,
எழுந்து கதவைத் திறந்தாள்,
மனிதர் வந்திருக்கிறாரா என்று.

வந்திருந்தார்.
"சத்தம் போட்டுவிட்டேனா?" என்று கேட்டார்,
பாத்திரத்தை இறக்கிக்கொண்டே.