பக்கம் இருநூற்றுப் பதினெட்டு

பிஹ்லா பந்தயம் கட்டினாள்:
அழாமல் முடித்துவிட்டால்
ஒரு மாதம் பாத்திரம் நான் கழுவுகிறேன், அம்மா.
ஐநூற்று நாற்பது பக்கம்.
அட்டையில் வெள்ளி எழுத்து, ஒரு வாள்,
வாளைச் சுற்றித் தூங்கும் டிராகன்.

கெமி நகர மருத்துவமனையின்
நிலவறைச் சலவைக்கூடத்தில் எனக்கு இரவு வேலை.
தொண்ணூறு டிகிரியில் துணி சுழல
நாற்பது நிமிடம் கிடைக்கும்.
முதல் இரவு சிரித்துக்கொண்டே படித்தேன்.
பதினாறு வயது எஸ்வெரா.
தாய் தந்தை இல்லை, இருந்தால் வாளைத் தொட விடுவார்களா.
பச்சைக் கண்கள்,
தான் அழகில்லை என்ற நினைப்பு.
அவளைக் கொல்ல வந்தவனுக்கோ
இமைமயிர் அவ்வளவு நீளம்.
"நூறு பக்கத்துக்குள் முத்தம் கொடுப்பான், பார்"
என்றேன் ஸெப்போவிடம்.
தொண்ணூற்றேழில் கொடுத்தான்.

என் சண்டை முத்தத்தோடு இல்லை,
மேலங்கியோடு.
வெள்ளைக் கம்பளி மேலங்கி.
எழுபத்தொன்றில் ஓநாய் இரத்தம்,
எண்பதில் முழங்கால்வரை சேறு,
மறுநாள் காலை உதறி அணிகிறாள்
பனி போல் வெள்ளையாய்.
இரத்தம் உதறினால் போகாது, பெண்ணே.
குளிர்ந்த நீர், முதலில் குளிர்ந்த நீர்.
வெந்நீர் பட்டால் நூலோடு வெந்து
அங்கேயே குடியிருக்கும்.
இருபத்தாறு வருடத்தில்
எனக்குத் தெரிந்த ஒரே மந்திரம் அது.

இருந்தும்
வியாழன் விடியலில்
(விடியல் என்பது பேச்சுக்கு,
ஜனவரியில் இங்கே பத்தரை ஆகும்
வானம் கொஞ்சம் சாம்பல் பூக்க)
இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு
துறைமுகம் வரை போய்விட்டேன்.
பாலம் எரிந்துகொண்டிருந்தது.
அவள் இன்னும் அக்கரை சேரவில்லை.
நான் எப்படி இறங்குவது?
ஓட்டுநர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்.
உறைந்த கடலோரமாக அரைமணி திரும்பி நடந்தேன்,
அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே.

பிறகு வந்தது பக்கம் இருநூற்றுப் பதினெட்டு.
கோட்டை முற்றம். முற்றுகையின் ஒன்பதாம் நாள்.
"சலவைக்காரி ஒருத்தி வாளியோடு கடந்து போனாள்."
அவ்வளவுதான்.
அடுத்த பத்தியில் டிராகன் இறங்குகிறது.
முற்றம் முழுக்க நெருப்பு.
அதற்கடுத்து எஸ்வெரா
முன்கையில் பட்ட தீக்காயத்துக்கு
ஒன்றரைப் பக்கம் அழுகிறாள்.
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
வாளி உருண்டதாகக்கூட எழுதவில்லை.

மீதி முந்நூறு பக்கமும்
அவளைத் தேடித்தான் படித்தேன்.
நீள இமைக்காரன் துரோகி ஆனான்,
பிறகு துரோகி இல்லை,
பிறகு செத்தான்
(நம்பவில்லை, இன்னும் இரண்டு பாகம் இருக்கிறது).
அரியணை மீண்டது.
முடிசூட்டு நாளில் அதே மேலங்கி,
பனி போல் வெள்ளையாய்.
யார் துவைத்தது?
இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தியேவிட்டேன்,
யார் துவைத்தது?
ஸெப்போ காதடைப்பானைக் கழற்றி
"எந்த வார்டு?" என்றான்.

பிஹ்லா என் கண்களைச் சோதித்தாள்.
எங்கே அழுதாய்? அவன் சாகும்போதா,
குதிரையை அவிழ்த்துவிடும்போதா?
பக்கத்தைப் பிரித்து விரலை வைத்தேன்.
மூன்று முறை படித்தவள்
அந்த வரியை இப்போதுதான் பார்க்கிறாளாம்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு பென்சிலை என் பக்கம் உருட்டினாள்.
நூலகப் புத்தகம், என்றேன்.
மெல்லிசாக எழுது, என்றாள்.

பெயர் வைக்கத் தெரியவில்லை,
அந்த உலகத்தில் பெயருக்கு நடுவில்
கொக்கிக் குறியெல்லாம் வருகிறது.
ஓரத்தில் இப்படி எழுதினேன்:
வாளியில் தண்ணீர் இருந்தது. குளிர்ந்த தண்ணீர்.
தலையில் கவிழ்த்துக்கொண்டு
வடக்கு வாசல் வழியே ஓடிவிட்டாள்.

இந்த மாதப் பாத்திரம் யாருக்கு என்பது
இன்னும் தீரவில்லை.
இரண்டாம் பாகத்துக்கு நூலகத்தில்
எனக்கு முன்னால் பதினான்கு பேர்.