கடைசி வரி

கிளாக்ஸ்விக்கில் கூரையைத் தூக்காதவரை
காற்றுக்குக் காற்று என்று பெயரில்லை.
கதவைப் பூட்டும் வழக்கமும் இல்லை.
சாவி எங்கே என்று கேட்டால்
வீட்டை விற்கப் போகிறாயா என்பார்கள்.

மூன்று மீன்பிடிப் படகுகளுக்கும்
பைந்தாவின் கம்பளி நூல் ஆலைக்கும்
கணக்கு எழுதுகிறேன்,
சமையலறையை ஒட்டிய அறையில்.
யாருக்கு எவ்வளவு கூலி, யாருக்கு எவ்வளவு கடன்,
எல்லாம் இந்த மேசையில்தான் தூங்குகிறது.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை
ஹைனியின் இரும்புக்கடையில்
பத்து வருடப் பேரேடு
வாசிக்க முடியாத எழுத்தாக விடிந்தது.
பணம் கேட்டு ஒரு கடிதம், நல்ல டேனிஷில்.
ஒரு பிழைகூட இல்லை என்பதைத்தான்
திரும்பத் திரும்பச் சொன்னான் ஹைனி.

அன்றிரவே ரௌட்டரின்
நான் எட்டிப் பார்க்காத பக்கங்களுக்குள் போனேன்.
தீயரண் என்று போட்டிருந்தது.
தீயும் இல்லை, அரணும் இல்லை,
ஒன்றன்கீழ் ஒன்றாகச் சில வரிகள்.
மேலிருந்து கீழே படிக்கும்,
பொருந்துகிற முதல் வரியோடு நின்றுவிடும்.
எதுவும் பொருந்தாதவர்களுக்குக் கடைசி வரி:
மற்ற யாவும் மறு.

வரி போட்டே பிழைக்கிறவள் நான்.
இந்த வரிகளும் கைவந்தன.

காலையில் பதிவேட்டைத் திறந்தேன்.
அறுபத்தையாயிரத்துச் சொச்சம் துறைகளாம் என் வீட்டுக்கு.
ஊருக்கே ஒன்றுதான்.
இரண்டு பதினேழுக்கு இருபத்திரண்டாம் துறையில் ஒரு தட்டல்.
இரண்டு பதினெட்டுக்கு இருபத்துமூன்றில்.
பிறகு 3389.
என்மேல் பகை ஒன்றும் இல்லை;
தெருவில் நிற்கும் ஒவ்வொரு காரின் கைப்பிடியையும்
இழுத்துப் பார்த்தபடி நடக்கிறவன், அவ்வளவுதான்.
மறு. மறு. மறு.

"வருவதை எல்லோரும்தான் பார்ப்பார்கள்,
போவதைப் பார்" என்றாள் பைந்தா.
பார்த்தேன்.
பிரிண்டர் யாரிடமோ மணி கேட்கிறது.
வெப்பமானி தன் குளிரை எங்கோ போய்ச் சொல்கிறது.
பிறகு அந்தக் கேமரா.
பூனைக்காக என் மகன் தைதூர்
அலமாரிமேல் வைத்தது.
பூனை போய் ஒரு வருடமாகிறது.
இன்னமும் நாள் தவறாமல் அதிகாலை நான்குக்கு
நாற்பது நிமிடம்
முன்பின் தெரியாத முகவரிக்குப் படம் அனுப்புகிறது.

வேலியே மேய்கிறதா.
எழுதினேன் ஒரு வரி.

ஆறு நாள் அமைதி.
ஏழாம் நாள் பேரன்ட்ஸ் கடலிலிருந்து,
போனே செய்யாத தைதூரிடமிருந்து ஒரு செய்தி:
அம்மா, சமையலறை இருட்டாகவே இருக்கிறது.
ஒன்றும் ஆகவில்லையே?

நான்கு மணிக்கு அவனுக்கு முறை மாறுமாம்.
நாற்பது நிமிடம் என்னடா பார்த்தாய்?
நீ காபி போடுவாய்.
அடுப்புப் பக்கம் திரும்பி நின்று ஏதோ பேசுவாய்.
சத்தம் வராது.

யாரோடு பேசினேன்?
கழித்தல் வராத ஏதோ ஒரு கணக்கோடுதான்.
கோபம் வந்தது. காபி ஆறியது.
கோபம் எங்கே போயிற்று என்று பார்ப்பதற்குள்
சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் அந்த வரியை அழிக்கவில்லை.
அந்த முகவரி அவனுடையது அல்ல.
நடுவே நின்று இன்னும் எத்தனை பேர்
என் காபியைப் பார்த்தார்கள், யார் கண்டது.
கேமராவைத் தனி வலைக்குத் தள்ளினேன்,
கூலிக் கணக்கு எதுவும் எட்டாத தூரத்துக்கு.
கடலுக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு சுரங்கம்,
அதற்கு ஒரு சாவி, தைதூரின் பெயருக்கு மட்டும்.
இந்த வீட்டுக்கு முதல் சாவி அதுதான்.

வழி விடும் வரியை
மறுக்கும் வரிக்கு மேலே வைக்க வேண்டும்.
கீழே வைத்தால் அதை யாரும் படிக்கப் போவதில்லை.
இரண்டு முறை தப்பாக வைத்தேன்.

இப்போது நான்கு மணிக்கு
தலையை வாரிக்கொண்டு சமையலறைக்கு வருகிறேன்.
அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.
சில நாள் பாத்திரம் துடைக்கும் துணியை
அதன் முகத்தில் போட்டுவிடுகிறேன்.
அதற்கென்று வரி எதுவும் எழுதவில்லை.