பிழைதிருத்தம்: பக்கம் 47

துடைப்பங்கள் இருந்த அறையை எங்களுக்குக் கொடுத்தார்கள்.
ஜன்னல் கிடையாது, அதனால்தான் கொடுத்தார்கள்.
சிவப்பு விளக்கு, மூன்று தட்டு, ஒழுகும் குழாய்,
கதவிடுக்கு வெளிச்சத்தை அடைக்க
யாரோ விட்டுப்போன ஹாக்கிச் சட்டை.

மினசோட்டாவின் வடக்கு; இரும்புத் தாது ஊர்.
எண்பத்தைந்தாம் ஆண்டு செப்டம்பரில்
சுரங்கத்தை மூடினார்கள்.
"மலரில் அது வேண்டாம்" என்றாள் மார்சியா ஸுபன்சிச்.
அவள் ஆசிரியர், நான் படம்;
இருவருக்கும் பதினேழு வயது.
ஆண்டு மலர் என்றால் கோப்பை, நடனம், பல் தெரியும் சிரிப்பு.
நானும் தலையாட்டினேன்.

முதல் ரோல் முழுக்க நெற்றிகள்,
ஃப்ளாஷில் வெந்துபோன நெற்றிகள்.
இரண்டாவது ரோலை மாட்டவே மறந்திருந்தேன்:
வெறும் கேமராவோடு ஒரு மாலை முழுக்கக் குனிந்து நிமிர்ந்தேன்,
எல்லோரும் எனக்காகச் சிரித்தார்கள்.
ஹாக்கி ஆட்டத்தில்
பந்துத்தட்டைத் துரத்திப் பதினெட்டுப் படம் வீண்.
பத்தொன்பதாவது கை தவறி விழுந்தது:
ஆட வாய்ப்பே வராத கோலி
பெஞ்சில் உட்கார்ந்து கையுறையின் விரலைக் கடித்துக்கொண்டிருந்தான்.
அந்தப் படத்துக்குத்தான் எல்லோரும் பிரதி கேட்டார்கள்.
ஏனென்று அப்போது எனக்குப் புரியவில்லை.

"பெயரில் ஓர் எழுத்து போனால்
ஓர் அம்மா போன் பண்ணுவாள்," என்பாள் மார்சியா.
அதனால் எழுத்துகளைப் பார்த்தேன்.
பெல்கோனனில் எத்தனை ன், மட்டிலாவுக்கு எத்தனை டி,
அலுவலகப் பட்டியலோடு மூன்று முறை.

நவம்பர் பன்னிரண்டு, செவ்வாய். மரவேலைக் குழு.
இரண்டாவது வரிசையில் ஓர் இடைவெளி,
கண்ணில் உறுத்தியது.
தாழ்வாரத்தில் போன கர்ட்டிஸ் மட்டிலாவை இழுத்து
"சும்மா நில்லு" என்றேன்.
நின்றான். வரிசை நிறைந்தது. க்ளிக்.

மார்ச்சில் படத்தின் அடியில் வரி எழுதியபோது
பட்டியலில் க்ளென் மட்டிலா என்றிருந்தது. எழுதினேன்.
பதினோரு மாத இடைவெளியில் பிறந்து
ஒரே வகுப்பில் படித்த அண்ணன் தம்பி.
ஒரே கம்பளித் தொப்பி, முறை வைத்துப் போடுவார்கள்.
எழுத்தில் பிழையே இல்லை.

மே மாதம் பெட்டிகள் வந்தன. முந்நூற்றுப் பன்னிரண்டு பிரதி.
க்ளென் இருட்டறைக் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருந்தான்,
பிரிண்ட் கெடக் கூடாதென்று.
கோபமாக வந்திருந்தால் சமாளித்திருப்பேன்.
"அன்னைக்கு நான் ஸ்கூலுக்கே வரலையே,
உனக்கு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நான் யாரையும் கேட்கவில்லை.

"அப்பாவோட லாக்கரைக் காலி பண்ணப் போயிருந்தேன்.
அவர் கேட் வரைக்கும்தான் வந்தார்.
வண்டியை விட்டு இறங்கலை."

"உள்ளே என்ன இருந்தது?"
அந்த வருடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

பூட்ஸ், பாதி சோப்பு,
பேட்டரி செத்த டார்ச்,
ஆறு வருடம் முந்தைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை,
இன்னும் ஈரம் காயாத ஒரு கையுறை.
ஒற்றைக் கையுறைதான், என்றான்.
கேமரா என் கழுத்தில் தொங்கியது.
எடுக்கவில்லை.

அன்றிரவு தட்டச்சில் சீட்டு அடித்தோம்.
*பக்கம் 47, இரண்டாம் வரிசை, இடமிருந்து மூன்றாவது:
கர்ட்டிஸ் மட்டிலா.
க்ளென் மட்டிலா படத்தில் இல்லை.*
"ஏன் இல்லைன்னு போடலாமா?" என்றாள் மார்சியா,
செப்டம்பரில் வேண்டாமென்ற அதே மார்சியா.
மறுநாள் அவனிடம் போய்க் கேட்டேன்.
"போடு" என்றான்.
மணி அடித்தது. படியில் பாதி ஏறித் திரும்பினான்.
"வேண்டாம். அப்பா படிப்பார்."

கத்தரித்து, பசை தடவி,
விரல்கள் ஒட்டிக்கொள்ள ஒட்டிக்கொள்ள
முந்நூற்று ஒன்பது சீட்டு ஒட்டினோம்.

மூன்று பிரதிகள் அதற்கு முன்பே போய்விட்டன.
இரண்டு யாரிடம் என்று தெரியாது.
ஒன்று ஆர்வோலா குடும்பத்தோடு,
வாடகை லாரியில், சாமான்களுக்கு நடுவில்,
டெக்சஸுக்கு.
அந்த ஒரு புத்தகத்தில் க்ளென்
எங்கும் போகவில்லை:
பள்ளிக்கு வந்து, வரிசையில் நின்று,
அண்ணனின் முகத்தில் சிரிக்கிறான்.