வெள்ளி வேர்

மின்கம்பியை உரசிய மாங்கிளையை
கஸ்தூரிபா நகரில் அறுத்துத் தள்ளிய அன்று
லைன்மேன் தேவசகாயம்
சாப்பாட்டுப் பைக்குள் அதைப் போட்டு வந்து
"மரவாழை. வெச்சிக்கிறியா?" என்றார்.
எட்டு இலை. ஒவ்வொரு நுனியும்
எலி கடித்தது போல.
(அது அப்படித்தான் வளரும், எலி இல்லை.)
புழுவாய்த் தடித்த வேர்கள்
பட்டைச் சில்லுகளை இன்னும் விடாமல்.

முதலில் கொல்லப் பார்த்தேன், அன்பாக.
செம்மண், சாணி எரு, தொட்டி,
காலையும் மாலையும் ஒரு சொம்பு.
இருபதாம் நாள் இரண்டு வேர் கூழாகியிருந்தது.
லேபில் கல்ச்சர் தட்டு கெட்டால் வரும்
அதே வாடை.

தோண்டினேன், கழுவினேன்,
துப்பட்டாக் கிழிசலால்
பால்கனிக் கம்பியில் கட்டினேன்.
அயனாவரம், மூன்றாம் மாடி, காலை வெயில்.
மண் வேண்டாமாம் அதற்கு,
காற்று வேண்டுமாம்.
இருபத்து மூணு சி திரும்பும்போது எழுகிற
புழுதியும் காற்றுதான்,
குறை சொல்லவில்லை.

தண்ணீரில்தான் பிடிவாதம்.
எங்கள் போர் தண்ணீர்
குக்கர் அடியில் வெள்ளையாய்ப் படியும் உப்பு.
பக்கத்து வீட்டு ரெஹானாவின் ஏசி சொட்டுவதை
பெயிண்ட் வாளியில் பிடித்து ஊற்றினேன்.
நனைந்தால் வேர் பச்சை,
காய்ந்தால் வெள்ளி.
வெள்ளியாகும்வரை பொறு;
ஆனபின் காக்கவைக்காதே.
வேறு பாஷை அதற்குத் தெரியாது.

"மரத்த உறிஞ்சுற சாதியாச்சே இது"
என்றார் வீட்டுக்காரர்.
"இல்ல சார், புடிச்சுக்க இடம் போதும்.
சோறு அதோடது."
அவர் என்னைப் பார்த்த பார்வையில்
அடுத்த மாத வாடகை இருந்தது.

நாலாவது சித்திரை, கரண்ட் போன பிற்பகல்.
விசிறிக்கொள்ள அட்டை தேடி வந்தவள்
வாசனையில் நின்றேன்.
பழுப்பில் கட்டம் போட்ட ஐந்து இதழ்,
நடுவில் ஊதா உதடு.
ஒரு காம்பில் ஏழு பூ.
ரெஹானாவைக் கூப்பிட்டேன்.
"என் ஏசி பூத்திருக்கு" என்றாள்.

ஐப்பசியில் ஆவடிக்கு மாறினோம்.
கீழே லாரி ஹாரன் அடிக்கிறது.
வேர்களோ
கம்பியின் துருவோடு துருவாய் ஒட்டி.
புது பிளேடால், மெதுவாக,
ஐந்தை எடுத்தேன்.
மூன்று வரவில்லை.

நேற்று ரெஹானா பேசினாள்.
புது ஆள் இன்னும் வரவில்லையாம்.
விடாத மழையாம்.
"உன் கம்பியில
என்னமோ பச்சையா இருக்குடி."