இருபத்தைந்து கிராம்

பைசண்டூவிலிருந்து இரவுப் பேருந்தில்
மோண்டேவீடியோ வந்து இறங்குகிறது
ஐஸ்பெட்டிக்குள் ஒரு மாட்டின் இதயம்.
பெட்டிமேல் அண்ணன் வில்மாரின் கோணல் எழுத்து:
நெலிடா எச்செகோயன், ஆய்வகம். கவிழ்க்காதீர்.
நடத்துநர் கவிழ்த்துத்தான் வைத்திருந்தார்.

வில்மாருக்கு இறைச்சி ஆலையில்
பித்தப்பை மேசை.
ஒரு கீறல், ஒரு பிழியல்,
பச்சை வழிந்து பீப்பாய்க்குள் விழும்.
கல் தட்டுப்பட்டால் கையை உயர்த்த வேண்டும்.
மேற்பார்வையாளர் வந்து எண்ணி வாங்கிப்
பெட்டியில் பூட்டுவார்.
இரண்டு ஜோடி கையுறை போட்டும்
அண்ணனின் நகக்கண் மஞ்சள்.

பீப்பாய்கள் கப்பலேறும்.
எந்தத் துறைமுகம், எத்தனை வடிகட்டல், தெரியாது.
திரும்பி வரும்போது
பழுப்புக் குப்பியில் வெள்ளைப் பொடி,
இருபத்தைந்து கிராம்,
சோடியம் டிஆக்ஸிகோலேட்.
விலைச்சீட்டைக் காட்டினேன்.
"என் ஒரு வாரக் கூலி" என்றான்.
கொஞ்சம் பொறுத்து, "மூக்கில் ஏறுமா?"
ஏறும்.
முகமூடிக்குள் நுழைந்து
தொண்டையின் அடியில் கைப்பை வைத்துவிட்டுப் போகும்.
"அப்படியென்றால் அதேதான்" என்றான்,
தொலைந்த பொருளை அடையாளம் சொன்னவன்போல.

கொழுப்பை அரிந்தெடுத்து, அரைத்து,
சுழற்றிச் சுழற்றிக் கடைசியில் மிஞ்சுவது
செம்மண் கரைத்த தண்ணீர் மாதிரி ஒரு கலங்கல்.
மாடு வாழ்ந்த காலமெல்லாம்
மூச்சை வேலையாக்கிய சவ்வுகள் அதில் மிதக்கின்றன.
பொடியைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன்.

சாதாரண சோப்புக்குத் தலை உண்டு, வால் உண்டு.
இதற்கு அப்படி இல்லை.
இலை மாதிரி இரண்டு பக்கம்:
ஒன்று தண்ணீரின் கட்சி,
மற்றது கொழுப்பின் கட்சி.
சவ்வுக்குள் நுழைந்து
புரதத்தை இடுப்பைச் சுற்றி அணைத்து வெளியே கூட்டிவரும்.
கலங்கல் என் கண்ணெதிரே தெளியும்.
ஓரிரு முழத் தூரத்தில்
ஒரே உடலுக்குள் இருந்தும்
நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளாத பித்தமும் இதயமும்
இங்கே ஒரு பீக்கருக்குள்.

முதல் இதயம் வீண்.
காலையில் குளிர்அறையைத் திறந்தால்
குழாய் முழுக்க ஜெல்லி.
தலைகீழாய்ப் பிடித்தேன், அசையவில்லை.
கார அளவு எட்டுக்குக் கீழே போனால்
இந்த உப்பு உறைந்துகொள்ளும், பிடிவாதக்காரி.
ஃபாவ்ஸ்டோதான் அளவைத் தவறவிட்டான் என்று
பித்தம் தலைக்கேறக் கத்தினேன்.
அவன் பேசாமல் சுரைக்குடுவையில்
சர்க்கரை போடாத மாத்தே ஊற்றி நீட்டினான்.
உறிஞ்சிக்கொண்டே குறிப்பேட்டைப் புரட்டினால்
ஏழு புள்ளி இரண்டு என்று எழுதியிருக்கிறது,
என் கையெழுத்தில்.

இரண்டாம் இதயத்துக்கு எல்லாம் எட்டு.
புரதத்தையும் புதுக் கொழுப்பையும் பையில் கட்டி
வாளித் தண்ணீரில் தொங்கவிட்டோம்.
சில சோப்புகள் வந்தால் போகாது,
பெருங்கூட்டமாய் உருண்டு
துளையில் நுழையாமல் உள்ளேயே குடியிருக்கும்.
இவை நாலைந்து பேராய்ச் சேரும், உடனே பிரியும்,
ஒவ்வொன்றாய் வாசல் கடக்கும்.
மூன்று நாள். ஆறு வாளி.
பித்தம் வெளியேற வெளியேற
கொழுப்பு தானாக வளைந்து
புரதத்தைச் சுற்றிக் குமிழாய் மூடிக்கொண்டது.
ஆறு வாளியையும் தொட்டியில் கொட்டினேன்.
அண்ணனின் ஒரு வாரத்தில் ஒரு துண்டு
வடிகாலில் இறங்கிப் போனது.

மாலையில் ஆக்சிஜன் முள் சரிந்தது.
மெல்ல, பிறகு நேர்கோடாக.
ஃபாவ்ஸ்டோ கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

வில்மாரை அழைத்தேன்.
பின்னால் கொக்கிகள் மோதும் இரும்புச் சத்தம்.
"மூச்சு விடுகிறது" என்றேன்.
"எது?"
"நீ அனுப்பியது."
நீண்ட நேரம் கொக்கிச் சத்தம் மட்டும்.
அப்புறம் கேட்டான்:
"இந்தத் தடவையும்
கவிழ்த்தா வைத்திருந்தான்?"