தண்டு இருக்கா பாரும்

கீரிப்பாறைக்கு முந்தின வளைவில்
பஸ்ஸை விட்டு இறங்கி
ரப்பர் தோட்டத்து வேலியோரம் கசிகிற ஈரத்தில்
குப்புறப் படுத்துக்கொண்டார் விஜிலா டீச்சர்.
பால் வெட்ட வந்தவர் நின்று கேட்டார்:
"சாவி கீவி தொலஞ்சு போச்சா?"

நான் லேப் அட்டெண்டர்.
மரச்சட்டம், வார்ப்பட்டை,
பழைய செய்தித்தாள் கட்டு என் தோளில்.
பெயர் எழுதுவது அவர் வேலை.
நசுக்குவது நான்.

செம்மண்ணோடு மண்ணாக அப்பிக் கிடந்தது,
இரண்டு ரூபாய் நாணய அகலம்.
ஆப்பு ஆப்பாக இலைகள், வட்டம் கட்டி.
"தண்டு இருக்கா பாரும்."
இல்லை.
"அப்போ பர்மானி."
ஒரு கொசு வந்து இறங்கியது.
ஓரத்து நீள மயிர்கள் உள்ளே மடிந்துவிட்டன
நான் மூக்கைச் சொறிந்து முடிக்குமுன்.

நாலடி தள்ளி இன்னொன்று,
நெட்டையாய்த் தண்டு விட்டு,
இலையா சிவந்த நூலா என்று
கையில் எடுத்தாலும் குழம்பும்படி.
உச்சியில் இளஞ்சிவப்புப் பூ, வெயில் ஏறினால் மூடிவிடும்.
இது இண்டிகா. இதற்கு அவசரம் கிடையாது.
மாட்டிய ஈயைச் சுற்றி இலையைச் சுருட்ட
ஒரு ராத்திரி முழுக்க எடுத்துக்கொள்ளுமாம்.

மூன்றாவது இங்கே இல்லை.
இலை ஒவ்வொன்றும் கொம்பு முளைத்த பிறை.
மேலே, முத்துக்குழிவயல் புல்லுக்குள் தேடவேண்டும்.
எங்கள் அனுமதிக் கடிதம் மூன்று மாதமாய்
வனத்துறை மேசையில் கிடக்கிறது.
அதுவும் மண்ணுக்கடியில்
கிழங்காய்க் கிடக்கும் இந்நேரம்.

"தக்கலை மருந்துக் கடையில
இதுக்கு அழுகண்ணின்னு பேரு" என்றேன்,
எனக்கும் ஏதோ தெரியும் என்று காட்ட.
முழங்கை மண்ணைத் தட்டியபடி எழுந்தார் டீச்சர்.
"அழுகை இல்ல சுயம்பு. எச்சி ஊறுது."
பால் வெட்டுகிறவர் சிரித்தார்:
"எனக்க செரட்டயிலயும் தெனம் பத்து ஈ விழும்.
மரம் திங்காது, பாத்துக்கிடும்."

பூக்காம்பு மட்டும் எட்டிப் போயிருந்தது,
இலைகளோடு உறவே இல்லாததுபோல்.
சம்பந்தம் பேச வருகிறவன் மேலேயே இருந்து
மேலேயே திரும்பவேண்டும்.
பந்திக்கு வருகிறவன் கீழே.
இருவரும் ஒரே வீட்டு ஈயாகவும் இருக்கலாம்.

தாள் விரித்து, செடி கிடத்தி,
தாள் மூடி, வாரை இறுக்கினேன்.
தினமும் தாள் மாற்றவேண்டும்.
முதல் நாளே முடியவில்லை.
பசை செய்தித்தாளைக் கவ்வியிருந்தது.
ஊசிமுனையால் மெல்ல உரித்தபோது
காகிதத் தோல் கொஞ்சம் இலையோடு வந்துவிட்டது.
கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிய எழுத்துகள்.
டீச்சர் லென்ஸை வைத்து,
வலமிருந்து இடமாய் வாசித்தார்:
"சென்ட்."
மறுபுறம் மனை விளம்பரம்.
வயல் நிரப்பி, தார் ரோடு போட்டு,
உடனே வீடு கட்டலாம்.

துளி ஒன்றுகூட மிஞ்சவில்லை.
எதைக் கண்டு நாங்கள் குனிந்தோமோ
அது தாளில் ஏறாது.
சிவப்பும் இரண்டு வாரத்தில் பழுப்பாகிவிடும்.
அதனால் தனியாக எழுதிவைக்கிறார்கள்:
'உயிரோடு இருக்கையில் பிசின்துளி. வெயிலில் மின்னும்.'

இலையில் ஒட்டியிருந்தவை என்ற இடத்தில்
கொசு மூன்று, தத்துப்பூச்சி ஒன்று
என்று எழுதிவிட்டு
பேனாவைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார்.
பிறகு அதையும் சேர்த்தார்.

நான் கை கழுவப் போனேன்.
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
ஒன்றையொன்று
விட்டபாடில்லை.